பாம்பன் பழைய ரயில் பாலம்: கப்பலுக்கு வழிவிட்டு நின்ற 108 ஆண்டுகள்

புதுதில்லி: தமிழ்நாட்டின் மண்டபத்தையும் ராமேஸ்வரம் தீவின் பாம்பனையும் இணைத்த பழைய ரயில் பாலம் 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. நாட்டின் முதல் கடல் பாலம் என்ற பெருமைக்குரிய இதில் 2022-ஆம் ஆண்டு டிசம்பர் 23 முதல் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அதனருகில் கட்டப்பட்ட புதிய பாலத்தை 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 6 அன்று பிரதமர் நரேந்திர மோடி திறந்து வைத்தார்.

ரயிலைக் கடலின் மேல் சுமந்து செல்வதும், கப்பல் வரும்போது நடுவில் பிரிந்து வழிவிடுவதும் பழைய பாலத்தின் இரட்டைப் பணிகள். இந்த இரண்டாவது பணிக்காக அமைக்கப்பட்ட தூக்குப் பகுதியே பாலத்துக்கு உலகப் புகழைத் தேடித் தந்தது. 1964-ஆம் ஆண்டுப் புயலில் பாலத்தின் பெரும்பகுதி சிதைந்தபோது நிலைத்து நின்றதும் அப்பகுதிதான். இறுதியில் பாலம் ஓய்வு பெறக் காரணமானதும் அதே பகுதியில் தோன்றிய தளர்ச்சியே. அந்தப் பாலத்தின் வரலாறு வருமாறு.

பாலத்துக்கு முன்

மன்னார் வளைகுடாவையும் பாக் நீரிணையையும் இணைக்கும் குறுகலான கடல்வழியே பாம்பன் கால்வாய். இதன் அடியில் ஆழம் குறைந்த பாறைத் தொடர் ஒன்று நிலப்பரப்பிலிருந்து தீவை நோக்கிச் செல்கிறது. சிறு கலங்கள் கடந்து செல்வதற்காக 19-ஆம் நூற்றாண்டில் இக்கால்வாய் ஆழப்படுத்தப்பட்டது. இலங்கையைச் சுற்றிச் செல்ல வேண்டிய நீண்ட பயணத்தைத் தவிர்க்க முடிந்ததால், கிழக்கு, மேற்குக் கடற்கரைகளுக்கு இடையே சென்ற சிறிய கப்பல்களுக்கும் தோணிகளுக்கும் இது முக்கிய வழியாயிற்று.

ராமேஸ்வரம் செல்லும் யாத்திரிகர்களுக்கோ இதே கால்வாய் தடையாக இருந்தது. காசியிலிருந்து வந்தாலும் மதுரையிலிருந்து வந்தாலும் கடைசிக் கட்டத்தில் அவர்கள் படகை நம்பியே கடலைக் கடக்க வேண்டியிருந்தது. மேலை நாடுகளில் பயணம் முடித்துக் கொழும்பு வழியாகத் திரும்பிய சுவாமி விவேகானந்தர் 1897-ஆம் ஆண்டு ஜனவரி 26 அன்று பாம்பனில் வந்திறங்கியதும், ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி அவரை வரவேற்றதும் வரலாற்றில் இடம்பெற்ற நிகழ்ச்சிகள். அக்காலத்தில் பாம்பன் ஒரு படகுத்துறையாகவே விளங்கியது.

இலங்கையுடன் வணிகத்தை விரிவுபடுத்த விரும்பிய ஆங்கிலேய ஆட்சியினர், 1870-களிலேயே இங்குப் பாலம் அமைப்பது குறித்து ஆலோசித்தனர். இலங்கையின் தேயிலை, காப்பித் தோட்டங்களுக்குத் தமிழகத் தொழிலாளர்கள் பெருந்தொகையில் அழைத்துச் செல்லப்பட்ட காலம் அது. தூத்துக்குடி - கொழும்பு கப்பல் வழியைவிடக் குறைந்த கடல் தூரத்தைக் கொண்ட வழி தேவைப்பட்டது. தனுஷ்கோடிக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் இடையிலான கடல் அகலம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் மட்டுமே. இரு கரைகளிலும் ரயில் பாதை அமைத்து, நடுவிலுள்ள கடலை நீராவிக் கப்பலால் கடப்பது என்று தீர்மானிக்கப்பட்டது. அத்திட்டம் நிறைவேறுவதற்கு முதற்படியாகப் பாம்பன் கால்வாயின் மீது பாலம் தேவைப்பட்டது.

திறக்கும் பாலம் எதற்கு?

கால்வாயின் மீது நிலையான பாலம் ஒன்றைத் தாழ்வாகக் கட்டினால் கப்பல் போக்குவரத்து அடியோடு நின்றுவிடும். கப்பல் நுழையும் அளவுக்கு உயர்த்திக் கட்டினால் ரயில் அந்த உயரத்துக்கு ஏற வேண்டும். ரயில் பாதை மிக மெல்லிய சரிவில்தான் உயர முடியும் என்பதால், இரு கரைகளிலும் நெடுந்தொலைவுக்கு மேடு எழுப்ப வேண்டியிருக்கும். தற்போது அருகில் உள்ள சாலைப் பாலம் நடுவில் உயர்ந்து கப்பல்களுக்கு இடம் விடுகிறது. சாலை வாகனங்களால் இயலும் அந்த ஏற்றம் ரயிலுக்குப் பொருந்தாது.

எனவே தாழ்வான பாலத்தைக் கட்டி, கப்பல் செல்லும் இடத்தில் மட்டும் அதைத் திறக்கும்படி அமைப்பதே ஏற்ற வழியாக இருந்தது. திறந்து மூடும் பாலங்கள் அந்நாளில் புதியவை அல்ல. கல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றின் மீது 1874-இல் அமைக்கப்பட்ட மிதவைப் பாலத்தின் நடுப்பகுதி கப்பல்களுக்காக விலக்கப்பட்டு வந்தது. லண்டன் தேம்ஸ் ஆற்றின் டவர் பாலம் 1894-இல் திறக்கப்பட்டது. ஆயினும் திறந்த கடலின் அலையிலும் காற்றிலும் ரயிலைத் தாங்கி நிற்கும் தூக்குப் பாலம் அமைப்பது கடினமான பணியாகவே இருந்தது.

தென்னிந்திய ரயில்வே நிறுவனத்துக்காக 1911-இல் பணிகள் தொடங்கின. 2,065 மீட்டர் நீளத்தில், கடலுக்குள் 140-க்கும் மேற்பட்ட தூண்கள் எழுப்பப்பட்டு, அவற்றின் மீது இரும்பு கர்டர்கள் பொருத்தப்பட்டன. ஒவ்வொரு கர்டரும் ஏறக்குறைய 40 அடி நீளம் கொண்டது. கப்பல் செல்லும் வழியில் மட்டும் 200 அடிக்கு மேற்பட்ட இடைவெளியில் தூக்குப் பகுதி அமைக்கப்பட்டது.

ஸ்கெர்சர் முறை

தூக்குப் பகுதியின் வடிவமைப்பு அமெரிக்காவின் சிகாகோ நகரிலிருந்து வந்தது. அந்நகரப் பொறியாளர் வில்லியம் ஸ்கெர்சர் உருளும் தூக்குப் பாலம் என்ற முறையை உருவாக்கினார். 1893-இல் அவர் மறைந்த அதே ஆண்டின் இறுதியில் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அவருடைய சகோதரர் ஆல்பர்ட் ஸ்கெர்சர் நிறுவனத்தை நடத்தி, அம்முறையைப் பல நாடுகளுக்குக் கொண்டு சென்றார். பாம்பனுக்கான தூக்குப் பகுதியை இங்கிலாந்தின் தார்னபி நகரைச் சேர்ந்த ஹெட் ரைட்சன் நிறுவனம் தயாரித்து நிறுவியது.

இம்முறையின் தத்துவம் எளியது. பாலத்தின் தூக்குப் பகுதி இரண்டு இலைகளாகப் பிரிந்துள்ளது. கதவு கீலில் திரும்புவது போல இந்த இலைகள் ஓர் அச்சில் திரும்புவதில்லை. ஒவ்வோர் இலையின் அடிப்பகுதியும் சக்கரத்தின் ஒரு துண்டு போல வளைவாக இருக்கும். அந்த வளைவு, தட்டையான தடத்தின் மீது பின்னோக்கி உருளும்போது இலை மேலே எழும். ஆடும் நாற்காலி பின்பக்கம் சாய்வதற்கு ஒப்பானது இது. உருளுகையில் வழுக்காமலிருக்க வளைவும் தடமும் பற்களால் கோக்கப்பட்டுள்ளன. இலை மேலே எழுவதோடு கால்வாயிலிருந்து பின்னோக்கியும் விலகுவதால் கப்பலுக்கு நல்ல இடம் கிடைக்கிறது.

ஒவ்வோர் இலையின் எடை சுமார் 415 டன். இவ்வளவு எடையை உயர்த்த மோட்டார் எதுவும் பயன்படுத்தப்படவில்லை. இலையின் பின்புறம் வைக்கப்பட்ட எதிர்எடை, தராசுத் தட்டைப் போல அதைச் சமன் செய்தது. எஞ்சியது உராய்வையும் காற்றின் அழுத்தத்தையும் வெல்வது மட்டுமே. இருபுறமும் நின்ற ரயில்வே தொழிலாளர்கள் நெம்புகோல்களைக் கையால் சுற்றி, பற்சக்கரங்களின் வழியாக இலைகளை உயர்த்தினர். திறப்பதற்கு முன் இரு இலைகளும் சந்திக்கும் இடத்தில் உள்ள பூட்டையும் தண்டவாள இணைப்பையும் விடுவிக்க வேண்டும். மூடும்போது தண்டவாளங்கள் மீண்டும் நேர்கோட்டில் பொருந்த வேண்டும். சேவை நிறுத்தப்படும் வரை இப்பணி மனித உழைப்பால் நடைபெற்றது குறிப்பிடத்தக்கது.

போட் மெயில் காலம்

பாலம் திறக்கப்பட்ட 1914-ஆம் ஆண்டிலேயே இந்தியா - இலங்கை இணைப்புப் பயணம் தொடங்கியது. சென்னை எழும்பூரில் ரயிலேறிய பயணி பாம்பன் பாலத்தைக் கடந்து தனுஷ்கோடி துறையில் இறங்குவார். அங்கிருந்து நீராவிக் கப்பலில் தலைமன்னார் சென்று, அங்குக் காத்திருக்கும் மற்றொரு ரயிலில் கொழும்பு சேர்வார். கப்பலுடன் இணைந்து ஓடிய ரயில் என்பதால் இதற்கு 'போட் மெயில்' என்ற பெயர் ஏற்பட்டது. கப்பல் நின்று பல பத்தாண்டுகள் கடந்த பின்னரும், எழும்பூர் - ராமேஸ்வரம் விரைவு ரயிலை மக்கள் அப்பெயராலேயே அழைக்கின்றனர்.

இவ்வழியில் வணிகர்களும் அதிகாரிகளும் மட்டும் பயணிக்கவில்லை. இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்கள் மண்டபத்தில் அமைந்த முகாமில் மருத்துவச் சோதனைக்குப் பின்னரே அனுப்பப்பட்டனர். இலங்கை மலையகத் தமிழர்களின் பல குடும்பங்களுக்குத் தாயகத்தை விட்டுப் பிரிந்த பயணத்தின் ஒரு கட்டமாக இப்பாலம் அமைந்தது. 1964-ஆம் ஆண்டு அக்டோபரில் கையெழுத்தான சிறீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியா திரும்பியவர்களில் பலரும் தலைமன்னாரிலிருந்து கப்பலில் ராமேஸ்வரம் வந்து, இதே பாலத்தைக் கடந்து நிலப்பரப்பை அடைந்தனர்.

1964 புயல்

ஒப்பந்தம் கையெழுத்தாகி இரு மாதங்களுக்குள் பெரும் பேரிடர் நிகழ்ந்தது. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி வீசிய கடும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி நோக்கிச் சென்ற 653-ஆம் எண் பயணிகள் ரயில், நிலையத்தை நெருங்கும் நேரத்தில் கடல் அலையால் மூழ்கடிக்கப்பட்டது. அதில் இருந்த 110 பயணிகளும் 5 ரயில்வே பணியாளர்களும் உயிரிழந்தனர். இந்தியாவிலும் இலங்கையிலுமாக இப்புயலுக்குச் சுமார் 1,800 பேர் பலியானதாக மதிப்பிடப்படுகிறது.

பாம்பன் பாலத்தின் 120-க்கும் மேற்பட்ட கர்டர்கள் கடலில் வீழ்ந்தன. தூண்களும் ஸ்கெர்சர் தூக்குப் பகுதியும் தப்பின. அசையாதவை எனக் கருதப்பட்ட பகுதிகள் அடித்துச் செல்லப்பட, அசையும்படி அமைக்கப்பட்ட பகுதி நின்ற இடத்திலேயே நின்றது.

தீவுக்குச் சாலை இணைப்பு இல்லாத காலம் அது. எனவே பாலம் அறுந்ததும் ராமேஸ்வரம் மீண்டும் படகை நம்பிய தீவாயிற்று. பாலத்தைச் சீரமைக்க ரயில்வே ஆறு மாத காலம் நிர்ணயித்தது. தெற்கு ரயில்வே உயர் அதிகாரிகள் அதை மூன்று மாதமாகக் குறைத்தனர். பணியின் பொறுப்பு ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது.

புதிய கர்டர்களைத் தொலைவிலிருந்து கொண்டு வந்தால் காலதாமதம் ஏற்படும் என்ற நிலையில், பழைய கர்டர்கள் கடலடியில் கிடக்கும் இடங்களைப் பற்றி மீனவர்கள் தகவல் அளித்தனர். அவற்றை மீட்டெடுத்து மீண்டும் தூண்களின் மீது பொருத்தும் பணி தொடங்கியது. 46 நாட்களில் பாலம் போக்குவரத்துக்குத் தயாரானது. இதற்காக ஸ்ரீதரனுக்கு ரயில்வே அமைச்சரின் விருது வழங்கப்பட்டது.

இதே ஸ்ரீதரன் பின்னாளில் கொங்கண் ரயில் பாதைக்கும் தில்லி மெட்ரோவுக்கும் தலைமை தாங்கினார். தில்லித் தமிழர்கள் நன்கறிந்த கரோல் பாக் பகுதியில், புசா ரோட்டின் மேலே தூண்களில் செல்லும் மெட்ரோ நீல வழித்தடம் அவரது பொறுப்புக் காலத்தில் கட்டப்பட்டு, 2005-ஆம் ஆண்டு டிசம்பர் 31 அன்று திறக்கப்பட்டது. தலைநகரின் ரயில் தூண்களை எழுப்பிய பொறியாளர் பெயர் பெற்ற முதல் பெரும்பணி பாம்பன் கடலில் நடந்தது.

பாலம் மீண்டாலும் தனுஷ்கோடி மீளவில்லை. அந்நகரம் வாழத் தகுதியற்றது என அறிவிக்கப்பட்டது. பாம்பன் - தனுஷ்கோடி பாதை கைவிடப்பட்டு, அதுவரை கிளைப் பாதையின் முடிவாக இருந்த ராமேஸ்வரம் கடைசி நிலையமாயிற்று. கப்பல் சேவை ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு மாற்றி இயக்கப்பட்டு, இலங்கையில் வன்முறை மூண்ட 1980-களின் முற்பகுதியில் நின்றது.

உப்புக் காற்றுடன் போராட்டம்

புயல் எப்போதோ வருவது. துருவோ நாள்தோறும் வருவது. உலகில் இரும்பு மிக விரைவாக அரிக்கப்படும் இடங்களில் அமெரிக்காவின் மியாமிக்கு அடுத்த நிலையில் பாம்பன் வைத்துப் பேசப்படுகிறது. உப்பு கலந்த ஈரக்காற்று, வெப்பம், அலைத் தெறிப்பு ஆகிய மூன்றும் இங்கு ஆண்டு முழுவதும் இரும்பைத் தாக்குகின்றன. இதனால் துருவைச் சுரண்டி வண்ணம் பூசுவது இங்கு முடிவே இல்லாத பணியாக இருந்தது. கர்டர்கள் காலப்போக்கில் மாற்றப்பட்டன. நூற்றாண்டு கடந்து பாலம் நின்றதற்கு வடிவமைப்புக்கு நிகராக இந்தப் பராமரிப்பும் காரணம்.

காற்றின் வேகமும் கண்காணிக்கப்பட்டது. மணிக்கு 58 கிலோமீட்டரை எட்டினால் பாலத்துக்கான சமிக்ஞை தானாகவே சிவப்பாகி ரயில் கரையில் நிறுத்தப்படும் ஏற்பாடு இருந்தது. அனுமதி கிடைத்த ரயில்களும் பாலத்தின் மீது மிகக் குறைந்த வேகத்திலேயே சென்றன.

1988-ஆம் ஆண்டு அக்டோபர் 2 அன்று, அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி இணையான சாலைப் பாலத்தைத் திறந்து வைத்தார். அதுவரை 74 ஆண்டுகள் தீவின் அரிசி, காய்கறி, மருந்து, யாத்திரிகர் என அனைத்துக்கும் ரயில் பாலமே தரைவழியாக இருந்தது.

அகலப் பாதையும் முதுமையும்

மீட்டர் கேஜ் பாதைக்காகக் கட்டப்பட்ட பாலம் அகல ரயில் பாதையின் கூடுதல் எடையைத் தாங்குமா என்ற கேள்வி 21-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. சென்னை ஐஐடி வல்லுநர்களின் ஆய்வுத் துணையுடன் பாலம் வலுப்படுத்தப்பட்டு, 2007-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அகல ரயில் பாதையாகப் பயன்பாட்டுக்கு வந்தது. இதனால் நாட்டின் பிற பகுதிகளிலிருந்து ரயில் மாறாமலேயே ராமேஸ்வரம் வர வழி பிறந்தது.

எனினும் முதுமையின் அடையாளங்கள் தொடர்ந்து வெளிப்பட்டன. 2013-ஆம் ஆண்டு ஜனவரியில் கடற்படைக்குரிய கலம் ஒன்று காற்றில் இழுத்துச் செல்லப்பட்டுப் பாலத்தில் மோதியதால் தூண் சேதமடைந்து, ரயில்கள் சில காலம் நிறுத்தப்பட்டன. 2018-ஆம் ஆண்டு டிசம்பரில் தூக்குப் பகுதியில் விரிசல் கண்டறியப்பட்டு, சில மாதங்கள் போக்குவரத்து தடைப்பட்டது. 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் பாலத்தின் நிலை குறித்து மீண்டும் எச்சரிக்கை எழுந்தபோது சேவை நிறுத்தப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ரயில்கள் மண்டபத்துடன் நின்றன. பயணிகள் அங்கிருந்து சாலை வழியாக ராமேஸ்வரம் சென்றனர்.

புதிய பாலம்

பழைய பாலத்துக்கு மாற்றாகப் புதிய பாலம் கட்டும் பணிக்கு 2019-ஆம் ஆண்டு மார்ச் 1 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. ரயில் விகாஸ் நிகம் நிறுவனம் ரூ. 550 கோடிக்கு மேற்பட்ட செலவில் இதைக் கட்டி முடித்தது. 2.08 கிலோமீட்டர் நீளமுள்ள புதிய பாலம் பழையதைவிட 3 மீட்டர் உயரமானது. கடலுக்கு மேலே 99 கண்களும், 72.5 மீட்டர் நீளமுள்ள தூக்குப் பகுதியும் இதில் உள்ளன.

புதிய தூக்குப் பகுதி இரண்டாகப் பிரிவதில்லை. இரு கோபுரங்களுக்கு இடையே மின்தூக்கி போலக் கிடைமட்டமாகவே 17 மீட்டர் உயரத்துக்கு எழும்புகிறது. கைகளால் சுற்றிய நெம்புகோல்களின் இடத்தை மோட்டார்கள் பெற்றுள்ளன. ஆயினும் எதிர்எடையைக் கொண்டு பாரத்தைச் சமன் செய்யும் அடிப்படைத் தத்துவம் மாறவில்லை. துருவைத் தடுக்கத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் சிறப்புப் பூச்சும் பயன்படுத்தப்பட்டுள்ளன. எதிர்காலத்தில் இரட்டைப் பாதை அமைக்க இடமளிக்கும் வகையில் அடித்தளம் கட்டப்பட்டுள்ளது.

இனி என்ன?

ரயில் இல்லாத பழைய பாலத்தை என்ன செய்வது என்பதே எஞ்சியுள்ள கேள்வி. இரு பாலங்களும் ஒரே கால்வாயின் மீது அருகருகே இருப்பதால், கப்பல் ஒன்று கடக்க இரண்டும் வழிவிட வேண்டும். பழைய தூக்குப் பகுதி இயங்கும் நிலையில் இல்லாவிட்டால் அது கப்பல் போக்குவரத்துக்குத் தடையாகும். பராமரிப்பை நிறுத்தினால் உப்புக் காற்று இரும்பைத் தின்னும். தளர்ந்த கர்டர்கள் புயலில் பெயர்ந்து புதிய பாலத்துக்கும் படகுகளுக்கும் ஆபத்தாகலாம். தொடர்ந்து பராமரிப்பதென்றால், வருவாய் தராத ஒரு கட்டமைப்புக்கு ஆண்டுதோறும் செலவிட வேண்டும்.

மறுபுறம், இந்திய ரயில்வேயின் தொன்மைச் சின்னங்களைக் காக்கும் மரபும் நாட்டில் உண்டு. தில்லி சாணக்கியபுரியில் உள்ள தேசிய ரயில் அருங்காட்சியகம் 1977 முதல் பழைய எஞ்சின்களையும் பெட்டிகளையும் பாதுகாத்து வருகிறது. தமிழ்நாட்டின் நீலகிரி மலை ரயில் 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. எஞ்சினை அருங்காட்சியகத்துக்கு நகர்த்தலாம். 2 கிலோமீட்டர் நீளப் பாலத்தை நகர்த்த இயலாது. முழுப் பாலத்தையும் காப்பது கடினமெனில், ஸ்கெர்சர் தூக்குப் பகுதியையும் அதன் பற்சக்கரங்களையும் கரையில் நிறுவி, இயங்கும் முறையை மக்கள் காணச் செய்வது நடைமுறைக்கு ஏற்ற வழியாக அமையக்கூடும். எதைச் செய்தாலும் துரு முந்திக்கொள்வதற்கு முன் செய்தாக வேண்டும் என்பதே பாம்பன் கடல் கற்பித்துள்ள பாடம்.

முக்கிய ஆண்டுகள்

1870-கள்: பாலம் அமைப்பது குறித்து ஆலோசனை.
1911: கட்டுமானப் பணி தொடக்கம்.
1914 பிப்ரவரி 24: பாலம் திறப்பு.
1964 டிசம்பர்: புயலில் கர்டர்கள் சேதம், பின்னர் 46 நாட்களில் சீரமைப்பு.
1988 அக்டோபர் 2: இணையான சாலைப் பாலம் திறப்பு.
2007 ஆகஸ்ட்: அகல ரயில் பாதையில் போக்குவரத்து தொடக்கம்.
2013 ஜனவரி: கடற்படைக் கலம் மோதித் தூண் சேதம்.
2018 டிசம்பர்: தூக்குப் பகுதியில் விரிசல், சேவை தற்காலிக நிறுத்தம்.
2019 மார்ச் 1: புதிய பாலத்துக்கு அடிக்கல்.
2022 டிசம்பர் 23: பழைய பாலத்தில் ரயில் சேவை நிறுத்தம்.
2025 ஏப்ரல் 6: புதிய பாலம் திறப்பு.